புழுத்த கொய்யாவுக்கு நஞ்சு மருந்தன்று



பாலர் வகுப்புப் படநூல்களில் ‘பழம்’ என்ற சொல்லுக்கு அருகே பெரும்பாலும் சிவந்த ஆப்பிள் ஒன்றுதான் வரையப்பட்டிருக்கும். ஆனால், மலேசியாவின் வெப்பமான தாழ்நிலங்களில் ஆப்பிள் மரம் காய்ப்பதில்லை. நம் வீடுகளின் பின்புறத்தில் நிற்பவை கொய்யா, ஜம்பு, மா, நட்சத்திரப்பழ மரங்களே. அவற்றுள் ஜம்புவை ஆங்கிலத்தில் ‘நீர் ஆப்பிள்’ என்றே அழைக்கின்றனர். ஆகவே, நம் பிள்ளைகள் கையெட்டிப் பறிக்கக்கூடிய ஆப்பிள் அதுதான்!

அந்த ஆப்பிளின் நிலை என்ன? சிவந்து பழுத்த ஜம்புவைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. கொய்யாவைக் கடித்த பிள்ளை முகம் சுளித்துத் துப்புகிறது. உடனே வீட்டார் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். மரத்தை வெட்டிச் சாய்த்துத் தரைக்குச் சிமெண்டு பூசிவிடுகின்றனர். அல்லது கடைக்குச் சென்று ‘பூச்சி மருந்து’ ஒரு புட்டி வாங்கிவந்து மரம் நனைய அடிக்கின்றனர். முதலாவது தேவையற்றது, இரண்டாவது தேவையற்றது மட்டுமன்றித் தீங்கானதும் ஆகும். இதைத் திருத்தத் தகுந்த இடம் தமிழ்ப்பள்ளியே என்பது என் கருத்து. காரணங்களை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

ஒரு சொல் செய்த தீங்கு

தமிழாசிரியன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நோயைத் தீர்ப்பது மருந்து. உயிரைக் காப்பது மருந்து. ஆனால், நம் அன்றாடப் பேச்சில் பூச்சியைக் கொல்வதும் மருந்து, புல்லைக் கருக்குவதும் மருந்து, எலியைக் கொல்வதும் மருந்து! மலாய்மொழியைப் பாருங்கள். பூச்சிக்கொல்லியை ‘ராச்சுன் செராங்கா’ என்றும் களைக்கொல்லியை ‘ராச்சுன் ரும்பாய்’ என்றும் அவர்கள் வழங்குகின்றனர். ராச்சுன் என்றால் நஞ்சு. ஒரே கடையில் ஒரே புட்டியை வாங்கும்போது, மலாய்க்காரர் நஞ்சு வாங்குகிறார். நாம் மருந்து வாங்குகிறோம்.

பெயர் மாறினால் அதைக் கையாளும் முறையும் மாறிவிடுகிறது. நஞ்சு என்று அறிந்தவர் அதைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைப்பார். மருந்து என்று எண்ணியவரோ, மிச்சத்தைப் பழைய பானப் புட்டியில் ஊற்றிச் சமையற்கட்டில் வைப்பார். நஞ்சு என்று அறிந்தவர் சிட்டையில் உள்ள அளவைப் படித்து அளப்பார். மருந்து என்று எண்ணியவர், “இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊற்றினால் நன்றாகக் கேட்கும்” என்பார்.

இச்சொல்லுக்குப் பின்னால் நம் வரலாறும் இருக்கிறது. இரப்பர், செம்பனைத் தோட்டங்களில் முதுகில் தோம்பைச் சுமந்து களைக்கொல்லி தெளித்தவர்களுள் நம் இனப் பெண்கள் பலர். அவ்வேலைக்கு ‘மருந்தடித்தல்’ என்றே பெயர். அப்பெண்கள் நஞ்சினால் அடைந்த உடல்நலக் கேடுகளைத் தெனாகானித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்புடன் சேர்ந்து 2002-ஆம் ஆண்டு ஆய்வு நூலாக வெளியிட்டது. அதே 2002-இல் பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லியைத் தடை செய்வதாக மலேசிய அரசு அறிவித்தது. 2006-இல் அத்தடை விலக்கப்பட்டது. பின்னர், 1.1.2020 முதல்தான் முழுத்தடை நடப்புக்கு வந்தது.

தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தோம். தோம்பை அங்கேயே இறக்கி வைத்துவிட்டோம். சொல்லை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டோம். அந்தச் சொல்தான் இன்று பின்புறத்துக் கொய்யா மரத்தடியில் புட்டியோடு நிற்கிறது.

எதிரி யார்? எங்கே இருக்கிறான்?

சொல்லை விடுங்கள், அடித்தால் புழு சாகிறதா இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண அப்புழுவின் வாழ்க்கையை அறிந்துகொள்ள வேண்டும்.

கொய்யாவிலும் ஜம்புவிலும் நெளிவது பழ ஈயின் இளம்புழு. அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு ஈயோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது ஏறத்தாழ வீட்டு ஈயளவு இருக்கும். கருமையும் மஞ்சளும் கலந்த உடலும் ஒடுங்கிய இடையும் உடையதால், முதற்பார்வைக்குக் குளவி போலத் தோன்றும். அறிவியலார் இதனைப் பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ் என்பர். இதன் உறவினங்களும் நம் நாட்டில் உண்டு. நட்சத்திரப் பழத்தைத் தாக்கும் பாக்ட்ரோசெரா கராம்போலே அவற்றுள் ஒன்று.

பெண் ஈ, முதிரத் தொடங்கும் காயைத் தேடி வந்து, தன் உடலின் பின்முனையில் உள்ள ஊசி போன்ற உறுப்பால் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. ஓரிரு நாளில் முட்டை பொரிகிறது. இளம்புழு ஒரு வார அளவுக்குச் சதையைத் தின்று வளர்கிறது. பழம் அழுகி விழுகிறது. முதிர்ந்த புழு பழத்தை விட்டு வெளியேறி, உடலை வளைத்துத் துள்ளித் துள்ளிச் சென்று மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்து கூட்டுப்புழு ஆகிறது. ஏறத்தாழ பத்து நாளில் அது ஈயாக மேலே வருகிறது. முட்டை ஈயாக மாற நம் தட்பவெப்பத்தில் மூன்று வாரம் போதும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது.

இப்போது எண்ணிப் பாருங்கள். முட்டை தோலுக்கு அடியில். புழு சதைக்கு நடுவில். கூட்டுப்புழு மண்ணுக்குக் கீழே. வெளியே தெளிக்கும் நஞ்சு இம்மூன்றில் எதன்மீது படுகிறது? எதன்மீதும் படுவதில்லை! அந்நேரத்தில் அங்கு வந்த ஈக்கள் சில சாகலாம். மறுநாள் அடுத்த வீட்டிலிருந்து வேறு ஈக்கள் வரும்.

“மரத்தின் சாற்றுக்குள் ஊடுருவிப் புழுவையும் கொல்லும் வகை கடையில் இருக்கிறதே” என்பார் சிலர். உண்மை, இருக்கிறது. ஆனால், சதைக்குள் இருக்கும் புழுவை எட்டிய நஞ்சு சதையிலும் இருக்கும் அல்லவா? அதைக் குழாய் நீரில் கழுவிப் போக்க முடியாது. அதனால்தான் தெளித்த பின்னர் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று சிட்டையில் தடைக்காலம் குறிக்கப்படுகிறது. பள்ளி விட்டு வரும் எட்டு வயதுப் பிள்ளை அந்தத் தடைக்காலத்தைப் படித்துவிட்டா மரத்தில் ஏறும்?

இன்னொரு இழப்பும் உண்டு. பழ ஈயின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, அதன் இனத்தைப் பெருகவிடாமல் தடுக்கும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகள் நம் வட்டாரத்துக்கே உரியவை. 1940-களில் ஹவாய்த் தீவுகளில் இந்தப் பழ ஈ நுழைந்து பெருகியபோது, மலாயா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளிலிருந்து இத்தகைய குளவிகளைக் கொண்டுசென்று அங்கே விட்டனர். அவை அங்கு நிலைபெற்று ஈயின் பெருக்கத்தைக் குறைத்தன. பிறர் கடல் கடந்து வந்து தேடிய அந்த நண்பனைத்தான் நாம் புட்டி கொண்டு கொன்றுவிடுகிறோம்.

ஆப்பிள் நாடுகள் கற்ற பாடம்

ஆப்பிள் விளையும் நாடுகள் இப்பாடத்தை நெடுங்காலம் முன்னரே பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டன. அமெரிக்க ஆப்பிளைத் துளைக்கும் புழு, கோட்லிங் என்னும் அந்துப்பூச்சியின் இளம்புழு. அதுவும் பொரிந்த சிறிது நேரத்திலேயே காய்க்குள் புகுந்துகொள்ளும். அதை அழிக்க ஈய ஆர்சனேட் என்னும் நஞ்சைத் தெளித்தனர். 1892-இல் வேறொரு பூச்சிக்காக முதன்முதலில் பயன்படுத்தப்பட்ட அந்நஞ்சு, விரைவில் ஆப்பிள் தோப்புகளின் வழக்கமாகிவிட்டது. பூச்சி தாங்கிப் பழகியது. எனவே மேலும் மேலும் தெளித்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வந்துதான் அதன் இடத்தைப் பிடித்தது. ஈயமும் ஆர்சனிக்கும் மக்கி அழிபவை அல்ல. எனவே, பழைய ஆப்பிள் தோப்புகள் வீட்டுமனைகளாக மாறிவிட்ட இடங்களில்கூட அந்நஞ்சு மண்ணில் இன்றும் தங்கியிருக்கிறது. தாத்தா தெளித்ததைப் பேரனின் வீட்டு மண் சுமந்துகொண்டிருக்கிறது!

மாறாக, ஜப்பானின் ஆவோமோரி மாநிலத்து ஆப்பிள் விவசாயிகள், காய் சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் தாளுறை மாட்டிப் பழத் துளைப்பானிடமிருந்து காத்தனர். பூச்சியைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. பழத்துக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு தாளை வைத்தனர். அவ்வளவே!

இதற்கு ஜப்பானுக்குப் போகவும் வேண்டியதில்லை. நம் நாட்டில் வணிக நோக்கில் நட்சத்திரப் பழம் பயிரிடுவோர், காய்களுக்குக் கையால் தாளுறை மாட்டித்தான் வளர்க்கின்றனர். இலாப நட்டம் பார்க்கும் வணிகரே உறையை நம்பும்போது, ஒற்றை மரம் வைத்திருக்கும் நாம் ஏன் புட்டியை நம்ப வேண்டும்?

வீட்டில் செய்யத்தக்க ஐந்து வேலைகள்

1. மரத்தைத் தாழ்வாக வையுங்கள். அறுவடை முடிந்ததும் உயரமான கிளைகளைக் கவாத்து செய்து, முக்காலியில் நின்றால் கைக்கு எட்டும் அளவில் மரத்தை நிறுத்துங்கள். எட்டாத காயை யாராலும் காக்க முடியாது. உட்புறத்தில் நெருக்கமாக வளரும் சிறு கிளைகளையும் நீக்குங்கள். வெயிலும் காற்றும் உள்ளே புகுந்தால், மழைக்காலத்தில் காய்களில் குழிந்த கரும்புள்ளிகளை உண்டாக்கும் ஆந்திரக்னோஸ் என்னும் பூசண நோய் குறையும். புள்ளி விழுந்த காய்களையும் காய்ந்த கிளைகளையும் மரத்திலேயே விட்டுவைக்காதீர்கள்.

2. காய்க்கு உறையிடுங்கள். கொய்யா எலுமிச்சையளவு வரும்போதும், ஜம்பு பூவின் கேசரங்கள் உதிர்ந்து பிஞ்சு கட்டைவிரல் நுனியளவு வரும்போதும் உறையிடுதல் நன்று. அதற்குப் பிந்தினால் ஈ முந்திக்கொள்ளும்! கொத்தில் இரண்டு மூன்று நல்ல காய்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். நாளிதழ்த் தாளை இரண்டாக மடித்துப் பைபோல் செய்து மாட்டி, காம்பைச் சுற்றி ராஃபியா கயிற்றால் இடைவெளியின்றிக் கட்டுங்கள். நெகிழிப் பை என்றால் அடியில் நீர் வடியச் சிறு துளை இடவேண்டும். மெல்லிய பை காயின் தோலோடு ஒட்டிக்கொண்டால், ஈ பைக்கு வெளியே நின்றபடியே துளைத்து முட்டையிடும். ஆகவே சற்றுத் தளர்வாக விடுங்கள். கிழிந்த உறையை உடனே மாற்றுங்கள்.

3. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள். என்னைக் கேட்டால் ஐந்திலும் தலையாயது இதுதான். விழுந்து கிடக்கும் ஒரு பழத்தில் 50 புழுக்கள் இருந்து, அவற்றுள் பாதி பெண் ஈக்களாக வெளிவந்தால், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்! பொறுக்கிய பழத்தைக் கருப்பு நெகிழிப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் நல்ல வெயிலில் போடுங்கள்; உள்ளே வெப்பம் ஏறிப் புழு மடியும். அல்லது அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் புதையுங்கள். வேலியோரம் வீசுவதும் உரக்குழியில் மேலாகப் போடுவதும் ஈ வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

4. சாறு உறிஞ்சும் பூச்சிகளை நீரால் விரட்டுங்கள். இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் இனிப்பான கழிவைச் சிந்துகின்றன. அதன்மீது கரும்பூசணம் படர்ந்து இலை கருக்கிறது. பலர் அதை மரத்தின் நோய் என்று எண்ணி அஞ்சுகின்றனர். அது சிந்திய இனிப்பில் வாழும் பூசணமே. பூச்சி போனால் அதுவும் போகும். நீர்க்குழாயால் இலையடியில் வேகமாகப் பீச்சுங்கள். போதாவிடில், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் நீர்மச் சவர்க்காரத்தைக் கலந்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் இலையடியில் தெளித்துப் பின்னர் கழுவிவிடுங்கள். மரத்தில் கெரெங்கா எறும்பு, அதாவது நம் முன்னோர் முயிறு என்றழைத்த செவ்வெறும்பு, இருந்தால் உடனே கூட்டைக் கொளுத்தாதீர்கள். அது பல பூச்சிகளை வேட்டையாடும். ஆனால், இனிப்புக்காக மாவுப்பூச்சியைப் பேணவும் செய்யும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. உரிய நேரத்தில் பறியுங்கள். கொய்யா முற்றி, அடர்பச்சை மாறி வெளிறும்போதே பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்கவிடலாம். மரத்திலேயே மணக்க மணக்கப் பழுக்கவிட்டால் அந்த மணமே ஈக்கு அழைப்பிதழ் ஆகிவிடும்.

துளசி சொல்லும் சேதி

நம் வீடுகள் பலவற்றில் துளசிச் செடி இருக்கிறது. அதில் ஒரு வியப்பான செய்தி உண்டு. துளசி வகைகள் சிலவற்றின் இலையில் மெத்தில் யூஜெனால் என்னும் மணப்பொருள் அமைந்துள்ளது. இந்தப் பழ ஈயின் ஆண்கள் அந்த மணத்தைத் தேடி ஓடிவரும். இப்பொருளின் ஈர்ப்பை இந்தியாவில் பூசா ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லட் என்பவர் 1915-இல் எழுதி வெளியிட்டார். நம் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் தான் கெங் ஹோங், இந்த மணத்துக்கும் ஈக்களுக்கும் காட்டு ஆர்க்கிட் மலர்களுக்கும் உள்ள தொடர்பைப் பல்லாண்டு ஆராய்ந்தவர்.

துளசி இலையைக் கசக்கி, பக்கவாட்டில் துளையிட்ட புட்டிக்குள் போட்டுக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஈக்கள் வந்தால், உறையிடும் காலம் வந்துவிட்டது என்று பொருள். ஆனால், இது முன்னறிவிப்பே தவிரக் காப்பு ஆகாது. சிக்குபவை ஆண் ஈக்கள். பழத்தைத் துளைப்பவையோ பெண் ஈக்கள். எஞ்சிய ஓர் ஆண் ஈயே பல பெண் ஈக்களோடு இணையும் என்பதால், ஒரு வீட்டில் ஒரு புட்டி தொங்குவதால் பழம் தப்பாது. புட்டிக்குள் நீர் ஊற்றியிருந்தால் அதை அடிக்கடி கொட்டிவிடுங்கள். பழ ஈயைப் பிடிக்கப்போய் ஏடிஸ் கொசுவை வளர்த்துவிடக் கூடாது!

ஓர் ஊரே, ஒரு தீவே சேர்ந்து செய்தால் கதை வேறு. பசிபிக் கடலில் உள்ள ரோட்டா தீவில் 1960-களில், மெத்தில் யூஜெனாலும் பூச்சிக்கொல்லியும் ஊறவைத்த சிறு அட்டைத் துண்டுகளைத் தீவெங்கும் போட்டு ஆண் ஈக்களைத் தீர்த்தனர். பழ ஈ இனமே அங்கு அற்றுப்போனது. ஒக்கினாவாத் தீவுகளிலும் இம்முறையே கைகொடுத்தது. 1986-க்குள் ஜப்பான் முழுவதிலும் இந்த ஈ ஒழிக்கப்பட்டது. அங்கும் நஞ்சு பயன்பட்டது. ஆனால் அது அட்டைக்குள் இருந்தது, பழத்தின்மீது தெளிக்கப்படவில்லை.

நமக்கு இதிலுள்ள பாடம் என்ன? ஈக்கு வேலி தெரியாது. என் வீட்டில் உறையிட்டு, அடுத்த வீட்டில் பழம் அழுகிக் கிடந்தால் என் உழைப்பில் பாதி வீண். ஆகவே, உறையிட்டுக் காத்த முதல் பழங்களில் நான்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். புழுவில்லாத கொய்யாவைக் கண்டவர், எப்படி என்று கேட்பார். அங்கே தொடங்குங்கள்.

இயற்கை என்றால் தீங்கில்லையா?

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேதிப்பொருள்தான் கெடுதல், வேப்பெண்ணெய் என்றால் ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. 1981-இல் கோலாலம்பூர் மருத்துவர்கள், வேப்பெண்ணெய் ஊட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு மூளையும் ஈரலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டதைப் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழில் பதிவு செய்தனர். கைவைத்தியம் என்ற நம்பிக்கையில் பெற்றோரே ஊட்டிய எண்ணெய் அது. செடிக்குத் தெளிக்க வேப்பெண்ணெய் வாங்கினாலும், அதையும் நஞ்சுப் புட்டியைப் போலவே பெயரெழுதிப் பூட்டி வையுங்கள்.

எந்நிலையிலும் நஞ்சைத் தொடவே கூடாது என்பது என் வாதமன்று. பல ஏக்கர் பயிரிடும் விவசாயியின் நிலை வேறு. அவர்களும்கூட, மரம் முழுவதும் தெளிக்காமல், ஈ விரும்பும் புரத இரையோடு சிறிதளவு நஞ்சைக் கலந்து இலைமேல் ஆங்காங்கே இடும் முறையைக் கையாளலாம். வீட்டில் வேறு காரணத்துக்காகப் பூச்சிக்கொல்லி வாங்க நேர்ந்தால், 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று பாருங்கள். சிட்டையின் அடியிலுள்ள வண்ணப் பட்டையைப் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை. மஞ்சள், நீலம், வெள்ளை எனக் கொடுமை படிப்படியாகக் குறையும். குறையுமே தவிர, எந்த வண்ணமும் குடிக்கத்தக்கது என்று பொருள்படாது. வேறு புட்டிக்கு மாற்றவே மாற்றாதீர்கள்.

பள்ளி என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கு இனி என் வேண்டுகோள். அறிவியல் பாடத்தில் வாழ்க்கைச் சுழற்சி என்றால் வண்ணத்துப்பூச்சியையும் தவளையையும் படத்தில் காட்டி முடித்துவிடுகிறோம். பள்ளி வேலியோரம் நிற்கும் கொய்யா மரத்தில் ஒரு வாழ்க்கைச் சுழற்சி மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடந்து முடிகிறதே! புழுத்த பழம் ஒன்றை, அடியில் மணல் பரப்பிய கண்ணாடிப் புட்டிக்குள் இட்டு, வாயை நுண்ணிய துணியால் இறுகக் கட்டி வைத்தால், புழு மணலில் இறங்குவதையும் ஈ வெளிவருவதையும் மாணவர் கண்ணாலேயே காண்பர். சில வேளை ஈக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு குளவி வெளிவரும். அன்று கற்றதை அவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். வெளிவந்த ஈக்களைப் பறக்கவிடாமல், புட்டியோடு குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைத்துவிடுங்கள்.

அடுத்து, ஒரே மரத்தில் ஒத்த அளவுள்ள 20 காய்களைத் தேர்ந்து, 10-க்கு உறையிட்டு 10-ஐ அப்படியே விடுங்கள். உறை இருப்பதும் இல்லாததும் தற்சார்பு மாறி. புழுத்த பழங்களின் எண்ணிக்கை சார்பு மாறி. மரமும் காயின் அளவும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். பயிற்றுநூலில் மனனம் செய்யும் அறிவியல் செயற்பாங்குத் திறன் முழுவதும் ஒரு மரத்தில் அடங்கிவிடுகிறது. முடிவை மாணவரே எண்ணி, அட்டவணையாக்கி, கட்டுரையாகவும் எழுதட்டும். அறிவியல், கணிதம், தமிழ் மூன்றும் ஒரு கொய்யாவில்!

“நேரம் எங்கே?” என்று கேட்பீர்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபோது, தேர்வுக்காக மட்டுமே கற்பிக்கும் நெருக்கடியிலிருந்து நாம் சற்றேனும் விடுபட்டோம். விடுபட்ட நேரத்தை மேலும் ஒரு பயிற்றுநூலுக்குக் கொடுக்கப் போகிறோமா, மரத்துக்குக் கொடுக்கப் போகிறோமா என்பது நம் தேர்வு.

“இரவுச் சந்தையில் கொய்யா மலிவாகக் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு?” என்று பெற்றோர் கேட்கலாம். பழத்துக்காக மட்டும் என்றால் உங்கள் கேள்வி சரியே. ஆனால், ஒரு காய்க்குத் தாளுறை மாட்டிவிட்டு மூன்று நான்கு வாரம் காத்திருக்கும் பிள்ளை, காத்திருத்தலைக் கற்கிறது. இடர் வந்தவுடன் கொல்வதற்குப் பாயாமல், அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்கக் கற்கிறது. இதைக் கடையில் கிலோ கணக்கில் வாங்க முடியாது.

தொடங்குவதற்குப் பணம் தேவையில்லை. பழைய நாளிதழும் கயிறும் போதும். அதற்கும் முன்னதாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. நாளை முதல் வகுப்பிலும் வீட்டிலும் ‘பூச்சி மருந்து’ என்பதை விடுத்துப் ‘பூச்சிக்கொல்லி’ என்று சொல்லிப் பழகுவோம், பிள்ளைகளையும் பழக்குவோம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கொடுப்பது மருந்து. மண்டையோடு வரைந்த புட்டியில் இருப்பது நஞ்சு. இவ்வேறுபாட்டைத் தமிழ்ப்பள்ளியில் கற்ற பிள்ளை, நாளை வீடு வாங்கும்போது பின்புறத்தில் ஒரு கொய்யா மரத்துக்கு இடம் விடும். அம்மரத்தின் பழத்தைத் தன் பிள்ளைக்கு அச்சமின்றிக் கொடுக்கும்.